பன்னிரண்டு மூச்சு

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நாங்கள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் இரண்டு பேர் நிற்கிறோம். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருவர் இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. பிரிவில் ரேடியோகிராபராக வேலை செய்கிறார். மற்றவர் இங்கே திருக்கோணமலையில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறார். இந்த உரையைத் தொலைபேசியில் சண்டை பிடித்துச் சேர்ந்து எழுதினோம். எந்தப் பந்தி யாருடையது என்று இப்போது எங்களுக்கே தெரியாது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

சங்கம் எங்களிடம் கேட்டது "நவீன மருத்துவம்" பற்றிப் பேசும்படி. அது பெரிய கடல். நாங்கள் அதில் ஒரு சின்ன இறங்குதுறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்: இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம் செல்கிறது, அந்த நேரத்தை எப்படிக் குறைத்தார்கள், அந்தக் குறைப்பு எங்கள் ஊருக்கு ஏன் வேண்டும் என்பது.

அந்த வாங்கில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டோம், இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் கோணேசர் கோயில் ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் வயது என்றாள், பிறகு எடை என்றாள். கால் வீங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போனாள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத் தசை பலவீனமாக அடிக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் ஏன் பலவீனம் என்பதை எக்கோ சொல்லவில்லை. குருதிக் குழாய் அடைத்து ஒரு பகுதி செத்துவிட்டதா, ஏதாவது வைரஸ் காய்ச்சல் இதயத்தைத் தாக்கிவிட்டுப் போனதா, வேறெதுவுமா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதைப் பிரித்துச் சொல்லக்கூடிய சோதனை இதய எம்.ஆர்.ஐ. என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போனாள். தூங்காத ஓர் இரவு, கூடவே மகளும். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. குழாய்க்குள் படுக்கவைத்து, காதில் ஒலி மறைப்பான் மாட்டி, அதற்குள்ளால் ஒரு குரல் கட்டளை சொன்னது. முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில். மூச்சை இழுக்கச் சொல்கிறார்களா, விடச் சொல்கிறார்களா, நிறுத்தச் சொல்கிறார்களா என்று அவளுக்கு அந்தச் சத்தத்துக்குள் பிடிபடவில்லை. அவர்கள் நிறுத்தச் சொன்னபோது இழுத்தாள், இழுக்கச் சொன்னபோது நிறுத்தினாள். பிடிபட்ட நேரத்திலும் பத்து செக்கன் தாக்குப்பிடிக்க முடியவில்லை; இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு முதலில் போவது மூச்சுத்தானே. துடிப்பும் இடையிடையே தாளம் தப்பியது. ஐம்பது நிமிடம் கழித்து வெளியே எடுத்து, படம் தெளிவில்லை, திரும்ப ஒரு திகதி தருகிறோம் என்றார்கள். திகதி நான்கு மாதம் தள்ளி வந்தது.

அங்கிருந்தவர்களைக் குறைசொல்ல நாங்கள் இதைச் சொல்லவில்லை. வெளியே வாங்குகளில் இன்னும் பலர் காத்திருந்தார்களாம், மூளைக்கும் முதுகெலும்புக்கும். ஓர் இதயத்துக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தால் மற்ற இரண்டு பேர் அன்றைக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவர் வேலை செய்யும் இங்கிலாந்து வைத்தியசாலையிலும் கணக்கு இதேதான். காத்திருப்போர் பட்டியல்தான் சற்று மரியாதையான கடிதத்தில் வரும்.

சரி, ஏன் இவ்வளவு நேரம்? கைத்தொலைபேசி நூறில் ஒரு செக்கனில் படம் எடுக்கிறதே.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் படம் எடுப்பதில்லை. அது கேட்கிறது. பெரிய காந்தத்துக்குள் படுத்திருக்கும் உடம்பில் உள்ள நீரின் ஐதரசன் கருக்களை ஒரு வானொலி அலையால் தட்டிவிட்டு, அவை திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலிபரப்பைக் கேட்கிறது. ஒருமுறை தட்டிக் கேட்டால் கிடைப்பது ஒரு கோடு அளவான தகவல். அந்தக் கோடு படத்தின் ஒரு வரி அல்ல; படம் முழுவதிலும் பரவியிருக்கும் ஓர் அலைக்கோலம். சில கோடுகள் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்ற பெரும்போக்கைச் சொல்லும். வேறு சில விளிம்புகளின் கூர்மையைச் சொல்லும். எல்லாக் கோடுகளும் சேர்ந்த பிறகுதான் ஃபூரியர் என்ற பிரெஞ்சுக் கணிதர் இருநூறு வருடங்களுக்கு முன் காட்டிய வழியில் அவற்றைப் படமாக மாற்ற முடியும்.

கரும்பலகை இல்லாமல் கணக்குச் சொல்வது எங்களுக்குக் கஷ்டம். ஆனாலும் ஒரு சின்னக் கணக்கு. ஒரு படத்துக்கு 144 கோடுகள் வேண்டும் என்று வையுங்கள். ஒரு கோட்டுக்கு 3 மில்லிசெக்கன். 144 கோட்டுக்கும் 432 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 75 தரம் அடிக்கும் இதயத்தின் ஒரு துடிப்பு 800 மில்லிசெக்கன். அதாவது ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் இதயம் பாதிக்கு மேல் சுருங்கி விரிந்துவிடும். படம் முழுக்கக் கலங்கல். முழங்கால் அசையாமல் கிடக்கும். மூளையும் பெரும்பாலும் அப்படியே. இதயம் கிடக்காது.

அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு கணத்துக்கும் 12 கோடு மட்டும் எடுப்பது. 36 மில்லிசெக்கனுக்குள் இதயம் அதிகம் அசையாது. அடுத்த துடிப்பில் அதே கணத்தில் அடுத்த 12 கோடு. இப்படிப் பன்னிரண்டு துடிப்புச் சேர்ந்தால் 144. நெஞ்சில் ஒட்டிய ஈசீஜீக் கம்பிகள் "இப்போது துடிப்புத் தொடங்கியது" என்று ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு துடிப்பு என்றால் ஏறத்தாழப் பத்து செக்கன். அவ்வளவு நேரமும் மூச்சு விட்டால் இதயம் உதரவிதானத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும், கோடுகள் பொருந்தாது. எனவே மூச்சை நிறுத்து. இது ஒரு துண்டுக்கு மட்டும். இதயத்தின் அடியிலிருந்து நுனி வரை பாண் வெட்டுவதுபோலப் பத்துப் பன்னிரண்டு துண்டு வேண்டும். ஆகவே பன்னிரண்டு மூச்சடக்கு, இடையிடையே இளைப்பாறல். இதெல்லாம் இதயம் எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்கு மட்டும். தழும்பு பார்க்கும் படங்கள் அதற்குப் பிறகு.

எங்கள் தோழி ஏன் தோற்றாள் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. துடிப்பு ஒழுங்காக வரவேண்டும், மூச்சு நிற்கவேண்டும், கட்டளை விளங்கவேண்டும். மூன்றும் நல்ல இதயம் உள்ளவருக்கு இலகு. சோதனை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது மிகக் கடினம். சின்ன வயதில் டச்சுக் குடாவில் மூழ்கி யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று போட்டி போடும்போது வெல்கிறவள் எப்போதும் அவள்தான். அந்த வெயிலில் அவள் வெளியே வந்து சிரித்தது எங்களுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனி, நேரத்தை எப்படிக் குறைத்தார்கள் என்பதற்கு வருவோம். 1973இல் அமெரிக்காவில் போல் லோற்றர்பர் முதல் காந்தப் படத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் பீற்றர் மான்ஸ்ஃபீல்ட், ஒருமுறை தட்டிவிட்டே எல்லாக் கோடுகளையும் ஒரே மூச்சில் அள்ளிவிடலாம் என்று 1977இல் எழுதினார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஜென்ஸ் ஃப்ராம் குழுவினர், மெதுவாகத் தட்டி விரைவாகத் திரும்பத் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் சொன்ன 3 மில்லிசெக்கன் கோடு அந்த வழியில் வந்ததுதான். அதற்குமேல் இயந்திரத்தை வேகமாகத் தட்டவைத்தால் நோயாளியின் நரம்பே துடிக்கத் தொடங்கும், உடம்பு சூடேறும். இரும்பை வேகப்படுத்தும் வழி அங்கே அடைபட்டது.

அதற்குப் பிறகு வந்த வேகம் எல்லாம் வேறு வழியில் வந்தது: எல்லாக் கோடுகளையும் எடுக்காமல் விடுவது. எதை விடலாம் என்று தெரிந்து விடுவது. இந்த இடம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறோம்.

முதலாவது, கோலம். வாசலில் கோலம் போடும்போது ஒரு பாதியைப் பார்த்தாலே மறுபாதி எப்படி இருக்கும் என்று தெரியும். எம்.ஆர்.ஐ. கோடுகளிலும் அப்படி ஒரு சமச்சீர் உண்டு. பாதிக்குச் சற்று அதிகமாக எடுத்துவிட்டு மீதியைக் கணக்கால் நிரப்பலாம்.

இரண்டாவது, பல கண்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு கேட்கும் சுருளுக்குப் பதிலாகப் பல சுருள்களை வைப்பது. எங்கள் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வருகிறது என்று வையுங்கள். பிரட்ரிக் கோட்டையில் ஒருவர், உவர்மலையில் ஒருவர், சீனக்குடாவில் ஒருவர் நின்று பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தெளிவாகவும் கொஞ்சம் மறைவாகவும் தெரியும். மூவரும் அரைகுறையாகச் சொன்னாலும், யார் எங்கே நின்றார்கள் என்பது தெரிந்தால் கப்பலின் முழு உருவத்தையும் வரைந்துவிடலாம். 1997இல் டானியல் சொடிக்சன் ஒரு முறையில் இதைச் செய்து காட்டினார். 1999இல் சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் கிளாஸ் புரூஸ்மன் குழுவினர் இன்னொரு முறையைத் தந்தார்கள். பன்னிரண்டு துடிப்பு ஆறானது. பத்து செக்கன் ஐந்தானது. இன்று ஏறத்தாழ எல்லா வைத்தியசாலை இயந்திரத்திலும் இது உண்டு.

மூன்றாவதை விளக்குவதுதான் கஷ்டம். வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்தபோது பின்வாங்குப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், அப்ப இது ஊகம்தானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஊகம் இல்லை, ஆனால் பக்கத்து வீடு. ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்காகக் கோடுகளை விட்டால், படத்தின் மேல் படத்தின் ஆவி ஒன்று மடிந்து விழும். உண்மையையும் ஆவியையும் பிரிக்க முடியாது. ஆனால் ஒழுங்கில்லாமல், குலுக்கிப் போட்டதுபோல விட்டால், பிழை படம் முழுக்க மணல் தூவியதுபோலப் பரவும். மணலை அரித்தெடுக்கலாம். ஏனென்றால் இதயப் படத்தைப் பற்றி நமக்கு முன்பே ஒன்று தெரியும்: ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் இடையில் அது மிகக் குறைவாகவே மாறுகிறது, நெஞ்சுச் சுவர் மாறுவதே இல்லை. மாறுவது கொஞ்சம் என்றால், அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கோடுகளே போதும். இதன் கணிதத்தை 2006இல் டேவிட் டொனோகோவும், இமானுவேல் காண்டெஸ், ஜஸ்டின் ரொம்பேர்க், ரெரன்ஸ் ராவோ ஆகியோரும் நிறுவினார்கள். 2007இல் மைக்கல் லுஸ்ரிக் அதை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தார். பத்து வருடம் கழித்து, 2017இல், இதயத்தின் அசைவைப் படமெடுக்க இதைப் பயன்படுத்தும் இயந்திரத்துக்கு அமெரிக்க ஒழுங்குபடுத்தல் சபை அனுமதி கொடுத்தது. ஒரு துண்டுக்கு ஒரு துடிப்புப் போதும் என்ற நிலை வந்தது. மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருக்கலாம். துடிப்புத் தாளம் தப்பினாலும், தப்பிய துடிப்பு தப்பியதாகவே படத்தில் தெரியும், மற்றவற்றைக் கெடுக்காது.

பெயர்கள் சொல்லும்போது இரண்டு பெயரை விடமுடியாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் விவேக் முத்துரங்கு, ஜெனிபர் ஸ்ரீடன் ஆகியோர் பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மூச்சடக்காமல் உடனுக்குடன் படமெடுக்கும் முறைகளில் வேலை செய்கிறார்கள். குறைந்த கோடுகளில் எடுத்த படத்தைக் கற்பிக்கப்பட்ட கணினியைக் கொண்டு துப்புரவாக்கும் அவர்களது ஆய்வு 2019இல் வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்ரனில் ராஜா முத்துப்பிள்ளை, மயக்க மருந்து கொடுத்த குழந்தைகள் தாமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இதயப் படம் எடுக்கும் முறையைச் சோதித்த குழுவில் இருந்தவர். 1995இல் ஈரலின் விறைப்பைத் தொடாமல் அளக்க வழிதிறந்த கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவரே. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் இந்தப் பெயர்களைக் கண்டு எங்களுக்கு வந்த பெருமிதத்தை மறைக்கவில்லை. பொறாமையும் கொஞ்சம் வந்தது.

ஆனால், அக்காமாரே, வேகத்தின் பெரும்பங்கு இந்தக் கணிதத்தில் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தோம்.

இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கடோலினியம் கலந்த சாய மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். நல்ல தசையில் இருந்து அது விரைவில் கழுவிப் போய்விடும், தழும்பில் தங்கிவிடும். தங்கியது படத்தில் வெள்ளையாகத் தெரிய ஏறத்தாழப் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். பழைய முறையில் மற்ற எல்லாப் படங்களையும் எடுத்து முடித்த பிறகு மருந்தை ஏற்றி, பத்து நிமிடம் சும்மா இருப்பார்கள். விரைவு முறையில் தொடக்கத்திலேயே மருந்தை ஏற்றிவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் அசைவுப் படங்களை எடுப்பார்கள். சோறு அவியும் நேரத்தில் சம்பல் அரைக்காமல் யாராவது அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்களா? எங்கள் அம்மாமாருக்கு இதற்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. இதற்குப் புதிய இயந்திரமும் வேண்டாம், புதிய மென்பொருளும் வேண்டாம்.

இன்னொன்று, கேள்வியைச் சுருக்குவது. இந்த நோயாளியைப் பற்றி வைத்தியர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்? அதற்கு வேண்டிய படங்கள் மட்டும். இயந்திரத்தில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அழுத்தவேண்டியதில்லை.

இதை மெய்ப்பித்துக் காட்டியது பணக்கார நாடு இல்லை. பாங்கொக்கில் லண்டன் குழுவும் தாய்லாந்து வைத்தியர்களும் சேர்ந்து தலசீமியா நோயாளிகளுக்கு ஒரு மிகச் சுருக்கமான இதயச் சோதனையை நடத்தினார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. ஒருவருக்கு ஏறத்தாழ 8 நிமிடம், சாய மருந்து இல்லை.

தலசீமியா எங்களுக்கு அந்நியமான நோய் இல்லை. மலேரியா பல தலைமுறையாகக் குடியிருந்த நாடுகளில் இந்த மரபுக் குறைபாடு அதிகம். இலங்கையில் குருநாகலைப் பக்கம் இதற்கெனத் தனி நிலையமே உண்டு. மலேரியா போய்விட்டது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. அது விட்டுப்போன தலசீமியா பிள்ளைகளின் குருதியில் இருக்கிறது. அவர்களுக்கு மாதாமாதம் குருதி ஏற்றவேண்டும். ஏற்றும் குருதியில் உள்ள இரும்பு உடம்பில் தேங்கி, கடைசியில் இதயத்தில் போய்ப் படியும். குருதிச் சோதனையில் இரும்பு எவ்வளவு என்று பார்த்து இதயத்தில் எவ்வளவு என்று சொல்லமுடியாது. பிள்ளை நன்றாக ஓடித் திரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் இதயம் செயலிழக்கும்.

இரும்பு காந்தப் புலத்தைக் குழப்பும். எனவே இரும்பு படிந்த தசையின் எம்.ஆர்.ஐ. ஒலி சீக்கிரம் அணைந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதை ரீ-2 ஸ்ரார் என்ற அளவால் குறிப்பார்கள். 20 மில்லிசெக்கனுக்கு மேல் என்றால் பயமில்லை. 10க்குக் கீழே என்றால் மிகுந்த ஆபத்து, உடனே இரும்பகற்றும் மருந்தைக் கூட்டவேண்டும். 2001இல் லண்டன் றோயல் புரொம்ப்ரன் வைத்தியசாலையில் லீசா அன்டர்சன், டட்லி பெனல் ஆகியோர் இந்த அளவை வெளியிட்டார்கள். அதன் பிறகு பிரித்தானியாவில் இதய இரும்பால் தலசீமியா நோயாளிகள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. இந்த அளவை எடுக்க இதயத்தின் நடுவில் ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு மூச்சடக்குப் போதும். சாதாரண இயந்திரமே போதும். தெரிந்த ஒருவர் வேண்டும்.

அடுத்தது பெரு நாடு. தலைநகர் லீமாவில் இரண்டு வைத்தியசாலைகளில் கற்றியா மெனாச்சோ என்ற இதய வைத்தியரும் லண்டன் ஜேம்ஸ் மூன் குழுவினரும் சுருக்கமான சோதனையைத் தொடங்கினார்கள். முதலில் உள்ளூர் வைத்தியர்களுக்கும் ரேடியோகிராபர்களுக்கும் பயிற்சி. பிறகு ஏறத்தாழ நூறு நோயாளிகள். சாய மருந்தும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி 18 நிமிடம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் படம் நோய் நிர்ணயத்தையோ வைத்தியத்தையோ மாற்றியது. 2018இல் இதை எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எங்களில் ஒருவர் இரவுக் கடமையில் வாசித்துவிட்டு மற்றவரை எழுப்பிச் சொன்னதுதான் இந்த உரையின் தொடக்கம்.

எங்கள் தோழியின் இரண்டாவது பயணத்துக்கு முன் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் மூன்று காரியம் செய்தோம். அவளுடைய வைத்தியரிடம் போய், கேட்கவேண்டிய கேள்வி என்ன என்று கடிதத்தில் தெளிவாக எழுதித் தரச் சொன்னோம். துடிப்பின் தாளத்தை மருந்தால் முடிந்த அளவு சீராக்க முடியுமா என்று கேட்டோம். மூன்றாவதாக, பின்னேரங்களில் தொலைபேசியில் மூச்சுப் பயிற்சி. "இழுங்கோ... விடுங்கோ... அப்படியே நிற்பாட்டுங்கோ." இழுத்து அடக்குவதைவிட, விட்டபின் நிறுத்தினால் இதயம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்; எல்லாராலும் முடியாது, ஆனால் பழகலாம். மூன்று செக்கனில் தொடங்கி ஏழு வரை வந்தாள். அவள் மகள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அந்த மூன்று கட்டளைகளையும் அவளுக்குப் பாடமாக்கினாள்.

இந்த முறை போனது வேறொரு இடம். அங்கே சுருக்கமான முறையில் எடுத்தார்கள். மூச்சு முட்டிய இடத்தில் மூச்சு விட்டபடி எடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். அரை மணித்தியாலத்துக்குள் வெளியே வந்தாள். தழும்பு இருந்தது. ஆனால் சுவரின் உட்பக்கத்தில் இல்லை, வெளிப்பக்கத்தில் இருந்தது. குருதிக் குழாய் அடைத்தால் தழும்பு உட்பக்கத்தில் இருந்து தொடங்கும். வெளிப்பக்கத் தழும்பு பெரும்பாலும் பழைய அழற்சியின் அடையாளம். எப்போதோ வந்த காய்ச்சல். மருந்து மாறியது. போன மாதம் கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் மட்டும் நின்றாள். இப்போது ஐந்தாவது வரிசையில் இருந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை, கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, மிகக் குறைந்த கோடுகளில் இருந்தும் அழகான படம் தரும். அழகுதான் எங்களுக்குப் பயம். பழைய முறையில் தகவல் போதாவிட்டால் படம் கலங்கும், பார்த்தவுடன் தெரியும். புதிய முறையில் போதாத படமும் தெளிவாக இருக்கும். சின்னத் தழும்பு ஒன்று அந்தத் தெளிவுக்குள் துடைபட்டுப் போகலாம். அசைவைப் பார்க்கத் தாராளமாகப் பாவிக்கலாம். தழும்பைத் தேடும்போது இன்னும் கொஞ்சம் கோடுகளை எடுங்கள் என்பது எங்கள் நிலை. எங்கள் துறையில் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒன்று. நூற்றாண்டு நிதியில் வைத்தியசாலைக்கு ஏதாவது பெரிய கருவி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகளில் பேச்சு அடிபடுகிறது. நல்ல மனது. ஆனால் காந்தம் ஒன்று வாங்கினால் அதைக் குளிராக வைத்திருக்கத் திரவ ஹீலியம் வேண்டும், இரவு பகல் மின்சாரம் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வருடாவருடம் வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இதன் பொருள் விளங்கும். வாங்கும் நாளில் புகைப்படம் எடுத்துவிட்டு, ஐந்தாவது வருடம் யார் பணம் கட்டுவது என்று தெரியாமல் நிற்கக்கூடாது. இருக்கிற இயந்திரத்தில் ஒரு மணித்தியாலச் சோதனை அரை மணித்தியாலமானால், அது அந்தச் சோதனைக்கு இன்னோர் இயந்திரம் வாங்கியதற்குச் சமம். அதற்குத் தேவை ஓர் இளம் ரேடியோகிராபரை, ஓர் இளம் வைத்தியரைச் சில மாதம் பயிற்சிக்கு அனுப்பும் செலவு. அவர்கள் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். பெயர்ப்பலகை வைக்க அதில் இடம் கிடையாது என்பது உண்மை.

இதைவிடவும் மலிவான ஒன்று உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் மூச்சுக் கட்டளையைப் பதிவு செய்து வைக்கலாம். நோயாளியின் மொழியைத் தெரிந்து ஒலிக்கவிடலாம். எங்கள் இங்கிலாந்து வைத்தியசாலையில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. ஈஸ்ற்ஹாமில் இருந்து வரும் அம்மம்மாமார் அந்த ஆங்கிலக் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். குழாய்க்குள் தலையாட்டக்கூடாது என்பதும் அவர்களுக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வேண்டியது நான்கு வசனம். மூச்சை இழுங்கோ. மூச்சை வெளியே விடுங்கோ. அப்படியே நிற்பாட்டுங்கோ, அசையவேண்டாம். இனி வழமைபோல மூச்சு விடுங்கோ. ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை செக்கன் விடவேண்டும் என்பதை நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம். அதோடு சோதனைக்கு முந்திய வாரம் வீட்டில் பழகுவதற்கு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம், தமிழிலும் சிங்களத்திலும். மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் வருகிறவர்களுக்கும், கந்தளாயில் இருந்து வருகிறவர்களுக்கும் அது பயன்படவேண்டும்.

பதிவு இன்று பின்னேரம் நான்கு மணிக்கு, பழைய பௌதிகவியல் ஆய்வுகூடத்தில். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவோம், ஆகவே விசிறி கொண்டு வாருங்கள். எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய குரலுக்குத்தான் இந்த மண்டபம் முழுக்க ஒருகாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் பதிவு அவருடையதாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.